புல்தரைக்கு உரம் வீசும் ஸ்ப்ரெடர்: பல ஆண்டு உழைப்பதற்கு எதை வாங்கலாம்?

மண்வாசனை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியின் மத்தியப் பகுதியில் வசிக்கிறேன். உரமிட வேண்டிய புல்தரை ஏறத்தாழ 8,000 சதுர அடி இருக்கும். டால் ஃபெஸ்க்யூ, கென்டக்கி புளூகிராஸ் என்ற இரண்டு புல்வகைகளும் கலந்து வளர்கின்றன. முன்பக்கம் லேசான சரிவு, பின்பக்கம் சமதரை, இரண்டு வீடுகளுக்கு இடையே ஒடுக்கமான ஒரு சந்து.

பெருங்கடை ஒன்றில் மலிவாக வாங்கிய ஸ்ப்ரெடர் இந்த வசந்த காலத்தில் கைவிட்டுவிட்டது. சக்கரமும் அச்சும் ஒழுங்காகவே சுற்றுகின்றன. ஆனால் உரத்தைச் சுற்றிலும் வீச வேண்டிய சுழல்தட்டு விட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. கழற்றிப் பார்த்தால், அச்சில் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. அவற்றின் இடுக்கில் பழைய கிரீஸும் உரத்தூளும் சேர்ந்து கல்போல் இறுகிக் கிடக்கின்றன. தனியாக அந்தப் பல்சக்கரத்தை வாங்க வழியில்லை.

இம்முறை நீடித்து உழைக்கும் வண்டியாக வாங்க விரும்புகிறேன். 50 பவுண்டுத் தொட்டி போதுமா, 80 பவுண்டு தேவையா? வண்டியின் சட்டம் (ஃபிரேம்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தே ஆக வேண்டுமா? தொழில்முறையாளர்கள் பயன்படுத்தும் வண்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஒரு வீட்டுக்காரனுக்கு நியாயமாகுமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பல்சக்கரம் எழுதியது:

நண்பரே, உங்கள் பதிவின் இரண்டாவது பத்தியிலேயே விடை இருக்கிறது. ஸ்ப்ரெடர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தொட்டியையும் டயரையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வண்டி சாவதோ நீங்கள் கழற்றிப் பார்த்த அந்த இடத்தில்தான். அச்சின் கிடைமட்டச் சுழற்சியைச் செங்குத்துத் தண்டின் சுழற்சியாக மாற்றுகிற அந்த இரண்டு பல்சக்கரங்களும், அவற்றைத் தாங்கும் புஷ் எனும் வளையங்களும், பல்சக்கரத்தை அச்சோடு பூட்டுகிற சிறிய பின்னும்தான் வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தொட்டி எல்லா விலையிலும் அநேகமாக ஒரே பாலிஎத்திலீன்தான். அது துருப்பிடிப்பதில்லை, வெயிலில் போட்டு வைக்காமல் இருந்தால் எளிதில் வெடிப்பதுமில்லை.

உரம் என்பது உப்பு மாதிரி. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். யூரியாவாகட்டும், அம்மோனியம் சல்பேட்டாகட்டும், பொட்டாஷாகட்டும், தொட்டியின் அடித் திறப்பிலிருந்து சுழல்தட்டில் விழும்போது அதன் தூள் கீழேயுள்ள பல்சக்கரத்தின் மேல் படியும். பல்சக்கரம் திறந்த நிலையில் இருந்து, அதில் கிரீஸும் தடவியிருந்தால், தூள் அதில் ஒட்டி உப்புத்தாள் போலப் பற்களைத் தேய்க்கும். ஈரம் சேர்ந்ததும் அச்சு துருப்பிடித்துப் புஷ்ஷுக்குள் இறுகும். சுற்றுவதற்குக் கூடுதல் விசை தேவைப்படும்போது மிக மெலிந்த பாகம் முதலில் விட்டுக்கொடுக்கும். உங்கள் வண்டியில் அது பல்சக்கரமாக இருந்தது. வேறு வண்டியில் பின் உடைந்திருக்கும். பின் உடைவது உண்மையில் நல்லது, ஏனென்றால் அதை ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்கு வாங்கி மாற்றிவிடலாம்.

ஆகவே கடையில் வண்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றனவா என்பதுதான் முதற்கேள்வி. அடுத்து, சுழல்தட்டை ஒரு கையால் இலேசாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்டுச்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தால் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். புதிய வண்டியிலேயே பற்கள் தாவுகிற சத்தம் கேட்டால் அதை அங்கேயே விட்டுவிடலாம். கைப்பிடியிலிருந்து அடித் திறப்புக்குப் போகும் இணைப்பு கம்பியா, கேபிளா என்றும் கவனியுங்கள். கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகும், நாளடைவில் நீளும். அதன் பிறகு திறப்பின் அளவு எண்ணை நீங்கள் 5 என்று வைத்தாலும் திறப்பு 5 ஆக இருக்காது. கெட்டியான கம்பி வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம்.

---

வடகரோலினாவாசி எழுதியது:

தொட்டியின் அளவைப் பற்றி நான் சொல்கிறேன். புல்தரையின் பரப்பைச் சொல்லிவிட்டு எத்தனை பவுண்டுத் தொட்டி என்று கேட்பது பாதிக் கேள்விதான். எந்த உரம் என்பது மீதிப் பாதி.

மில்வாக்கி நகரம் 1926 முதல் விற்றுவரும் மில்ஆர்கனைட் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் தழைச்சத்து 6 சதவீதம். 32 பவுண்டு மூட்டை ஒன்று 2,500 சதுர அடிக்கு என்று மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்கள் 8,000 சதுர அடிக்கு மூன்று மூட்டைக்கு மேல் போகும். அதாவது 100 பவுண்டைச் சற்றுத் தாண்டும். அதே அளவு தழைச்சத்தை 46 சதவீத யூரியாவாகக் கொடுத்தால் 13 அல்லது 14 பவுண்டில் வேலை முடிந்துவிடும், தொட்டியின் அடிப்பகுதிகூட நிறையாது. சுண்ணாம்பு கதையே வேறு. 1,000 சதுர அடிக்கு 40 பவுண்டு இடச் சொல்லி மண் பரிசோதனை அறிக்கை வந்தால் 320 பவுண்டைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும்.

எனவே உரம், களைத்தடுப்பு மருந்து என்ற அளவில் நிற்பவர்களுக்கு 50 பவுண்டு தாராளம். ஆண்டுதோறும் சுண்ணாம்போ மில்ஆர்கனைட்டோ போடுகிறவருக்கு 80 பவுண்டு நடையை மிச்சப்படுத்தும். ஆனால் 80 பவுண்டை நிரப்பிச் சரிவில் குறுக்காகத் தள்ளிப் பார்த்தால்தான் அதன் உச்சிக்கனம் புரியும். சிறிய, கெட்டியான பிளாஸ்டிக் சக்கரங்கள் ஈரப்புல்லில் சறுக்கும். சக்கரம் சறுக்கினால் சுழல்தட்டு மெதுவாகும், உரம் காலடியிலேயே குவியும். அந்த இடத்தில் புல் கருகிய கோடாகத் தெரியும். காற்றடைத்த, அகலமான டயர் வேண்டும் என்று சொல்வது சொகுசுக்காக அல்ல.

---

தோட்டக்காரி எழுதியது:

வடகரோலினாவாசி அண்ணா சொன்ன யூரியாக் கணக்கு நியூ ஜெர்சிக்கு அப்படியே பொருந்தாது. இங்கே 2011 இல் கொண்டுவரப்பட்ட உரச் சட்டத்தின்படி, புல்தரைக்கான உரத்தின் தழைச்சத்தில் குறைந்தது 20 சதவீதம் மெதுவாகக் கரைவதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு 0.9 பவுண்டு தழைச்சத்துக்கு மேல் இடக்கூடாது. அதிலும் உடனே கரைவது 0.7 பவுண்டைத் தாண்டக்கூடாது. நவம்பர் 15 க்குப் பிறகும் மார்ச் 1 க்கு முன்பும் உரமிடவே கூடாது. 30 சதவீதத் தழைச்சத்துள்ள வழக்கமான மூட்டையை எடுத்துக்கொண்டால் 1,000 சதுர அடிக்கு 3 பவுண்டு, மொத்தம் 24 பவுண்டு. ஆக, 50 பவுண்டுத் தொட்டி போதும் என்ற முடிவு மாறவில்லை.

இதை எடுத்துச் சொல்வதற்குக் காரணம், வண்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்தச் சட்டத்துக்குப் பங்கிருக்கிறது. நீர்நிலையிலிருந்து 25 அடிக்குள் உரமிடக்கூடாது என்பது பொது விதி. நேர்கீழாக விழச்செய்யும் டிராப் ஸ்ப்ரெடரோ, பக்கத்தடுப்பு பொருத்திய சுழல் ஸ்ப்ரெடரோ இருந்தால் அது 10 அடியாகக் குறைகிறது. நடைபாதையிலும் தார்ச்சாலையிலும் சிந்திய குருணையை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது. கூட்டி எடுக்க வேண்டும். எனவே ஒரு பக்கத்தை மறைக்கும் தடுப்பு இல்லாத வண்டியை நான் வாங்க மாட்டேன். அதைக் கைப்பிடியிலிருந்தே இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு ஓரத்திலும் குனிந்து மாட்ட வேண்டுமென்றால் இரண்டாம் மாதமே அது கராஜில் தூங்கும்.

வீடுகளுக்கு இடையேயுள்ள அந்தச் சந்துக்கு, 10 அடி அகலத்துக்கு வீசும் எந்த வண்டியும் சரிவராது. தடுப்பை இறக்கி ஓரமாகப் போங்கள், அல்லது கையால் சுற்றும் சிறிய ஸ்ப்ரெடர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் வண்டி எதுவும் வேண்டாமென்று, வயலுக்கு யூரியா தூவுவதுபோல் வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு கையாலேயே தூவிவிட்டார். அந்தத் துண்டுதான் எங்கள் தெருவிலேயே சீராகப் பச்சை பிடித்தது. அவர் கை அவருக்கு, நமக்கு வண்டிதான்.

---

நீலப்புல் எழுதியது:

எல்லோரும் விலையுயர்ந்த வண்டியை நோக்கியே பேசுகிறீர்கள், ஆகவே ஒரு மாற்றுக்கருத்து. நான்கைந்து தடவை உரம், ஒரு தடவை களைத்தடுப்பு, இலையுதிர் காலத்தில் விதை: ஒரு வீட்டுக்காரர் ஆண்டு முழுவதும் ஸ்ப்ரெடரைத் தள்ளும் நேரத்தைக் கூட்டினால் ஒரு தொழில்முறையாளரின் ஒரு நாள் வேலைக்கு வராது. தினமும் ஓட வேண்டிய வண்டிக்கான சட்டத்தையும் அச்சையும் அவருக்கு விற்பது வீண். வேலை முடிந்ததும் கழுவி, காயவைத்து, நிழலில் மாட்டிவைத்தால் மலிவு வண்டியும் பல ஆண்டு வரும். கழுவாமல் வைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வண்டியின் பல்சக்கரமும் இறுகத்தான் செய்யும். மண்வாசனை அவர்களின் வண்டியில் இறுகிக் கிடந்த கிரீஸ் அதைத்தான் காட்டுகிறது என்று நினைக்கிறேன்; தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

பல்சக்கரம் எழுதியது:

நீலப்புல் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கழுவாத வண்டியைப் பிரம்மா வந்தாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் மலிவு வண்டிக்கும் நடுத்தர வண்டிக்கும் உள்ள வேறுபாடு எஃகின் தடிமனில் மட்டும் இல்லை. உதிரிப் பாகம் கிடைப்பதில் இருக்கிறது. பல்சக்கரம், புஷ், சுழல்தட்டு, பின் ஆகிய நான்கும் தனித்தனியாக வாங்கக் கிடைக்குமென்றால் அந்த வண்டிக்கு ஆயுள் முடிவதே இல்லை. கிடைக்காதென்றால் 30 டாலர் வண்டியும் 100 டாலர் வண்டியும் ஒன்றே.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு மூன்று படிகள் தெரிகின்றன. கீழ்ப்படியில், ஓஹையோவின் மேரிஸ்வில்லைச் சேர்ந்த ஸ்காட்ஸ் நிறுவனத்தின் சிறிய வண்டிகளும் அவற்றை ஒத்தவையும் உள்ளன. எடை குறைவு, தூக்கி மாட்டுவது எளிது, உர மூட்டையிலேயே அவற்றுக்கான எண் அச்சிட்டு வருவதால் தொடக்கக்காரருக்குக் குழப்பமில்லை. சின்னப் புல்தரைக்கு அது போதும். நடுப்படிக்கு, இந்தியானாவின் பிரிஸ்டலில் உள்ள எர்த்வே நிறுவனத்தின் 50 பவுண்டு வண்டிகளைச் சொல்வேன். பல்சக்கரங்கள் மூடிய பெட்டிக்குள் இருக்கின்றன, காற்றடைத்த டயர், அடியில் ஒன்றுக்குப் பதில் மூன்று திறப்புகள், பாகங்கள் தனியாகவும் விற்கிறார்கள். மேற்படியில், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சட்டத்தோடு வரும் லெஸ்கோவின் 80 பவுண்டு வண்டியும், ஓஹையோவின் மாமியைச் சேர்ந்த ஆண்டர்சன்ஸ் நிறுவனத்தின் வண்டியும் நிற்கின்றன. இவை நடுப்படியைப் போலப் பல மடங்கு விலை. அரை ஏக்கரும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களுக்கும், அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுக்குச் சேர்த்துச் செய்கிறவர்களுக்கும் அந்தப் பணம் நியாயம்.

8,000 சதுர அடிக்கு நடுப்படிதான் என் பரிந்துரை. மூன்று திறப்புகளைப் பற்றி ஒரு விளக்கம். சுழல்தட்டு ஒரே திசையில் சுற்றுவதால், குருணை தட்டில் விழும் இடத்தைப் பொறுத்து ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வீசும். திறப்புகளில் ஒன்றைக் குறைத்தோ மூடியோ அந்தக் கோணலை நேராக்க முடியும். ஆண்டர்சன்ஸ் வண்டியில் இதே வேலையைத் திருகு வடிவக் கூம்பு ஒன்று செய்கிறது. ஒற்றைத் திறப்பு வண்டியில் இந்த வசதி கிடையாது.

---

மண்வாசனை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நீலப்புல் சொன்னதில் தவறாக எடுத்துக்கொள்ள எதுவுமில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். குளிர்காலத்தில் கார் நிறுத்தும் பாதைக்கு உப்புத் தூவவும் இதே வண்டியைப் பயன்படுத்தலாமா? பக்கத்து ஊரில் ஒருவர் பழைய லெஸ்கோ வண்டி ஒன்றைப் பாதி விலைக்கும் குறைவாக விற்பதாக விளம்பரம் செய்திருக்கிறார்; பழைய வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

---

கொங்குத்தமிழ் எழுதியது:

உப்புக்கு இதே வண்டியா? வேண்டவே வேண்டாம். பனிக்குப் போடும் கல்லுப்பு ஒழுங்கற்ற கட்டிகளாக இருக்கும்; உரக் குருணைக்காக அமைத்த திறப்பில் சிக்கும், தொட்டிக்குள் உரத்தைக் கிளறும் கலக்கிக்கம்பியை வளைக்கும். கால்சியம் குளோரைடோ ஈரத்தை இழுத்துத் தொட்டிக்குள்ளேயே கசியத் தொடங்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பெயரை நம்பி விடாதீர்கள். குளோரைடு பட்டால் அதிலும் ஊசிக்குத்துப் போன்ற குழிகள் விழும். கைவிட்ட உங்கள் பழைய வண்டியின் தொட்டி நன்றாக இருந்தால் அதில் உப்பை வைத்துக்கொண்டு ஒரு கரண்டியால் வாரித் தூவுங்கள்.

பழைய வண்டியைப் பொறுத்தவரை, சட்டத்தின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஓட்டுச்சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றுங்கள். விட்டதும் சுழல்தட்டு தானாகச் சில சுற்று ஓடி நிற்க வேண்டும். அச்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கைக்கே தெரியும். திறப்பை முழுதும் மூடிவிட்டு, தொட்டிக்குள் கைப்பேசி விளக்கை அடித்துக் கீழிருந்து பாருங்கள். வெளிச்சக்கீற்று தெரிந்தால், மூடியிருக்கும்போதும் உரம் சிந்தும். சுழல்தட்டின் மேல் உள்ள இறக்கைகளில் ஒன்று உடைந்திருந்தாலும், அவற்றில் பழைய உரம் படிந்து கெட்டியாகியிருந்தாலும் வீச்சு ஒரு பக்கம் இழுக்கும். படிவைச் சுரண்டிவிடலாம், உடைந்தால் தட்டை மாற்ற வேண்டும். இது எதுவும் இல்லையென்றால் பேரம் பேசுங்கள். பனிக்கு உப்புத் தூவியிருக்கிறார்களா என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

---

தோட்டக்காரி எழுதியது:

எந்த வண்டி வாங்கினாலும் மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நடைவேகமும் குருணையின் பருமனும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. மணிக்கு 3 மைல் என்பது வழக்கமான கணக்கு. 10 நொடியில் 44 அடி. பாதையில் 44 அடியை அளந்து கோடு போட்டு, காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பழகுங்கள்.

பிறகு ஒரே அளவுள்ள அட்டைப்பெட்டிகளை நடைக்குக் குறுக்கே ஒரே வரிசையில், ஓர் அடி இடைவெளியில் வையுங்கள். வண்டி செல்லும் இடத்தில் மட்டும் சக்கரம் போக வழிவிடுங்கள். நடந்து முடித்ததும் ஒவ்வொரு பெட்டியில் விழுந்ததையும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் குழாய்களில் கொட்டி வரிசையாக நிறுத்தினால், வீச்சின் வடிவம் கண்ணுக்கு நேராகத் தெரியும். நடுவில் விழுந்ததில் பாதியளவு எந்தத் தூரத்தில் விழுந்திருக்கிறதோ, அதன் இரு மடங்குதான் உங்கள் பயனுள்ள அகலம். ஒரு பக்கம் 5 அடி என்றால் அகலம் 10 அடி. அடுத்த நடையை 10 அடி தள்ளித் தொடங்க வேண்டும். 10 அடி அகலத்தில் 100 அடி நடந்தால் 1,000 சதுர அடி. முன்பும் பின்பும் தொட்டியிலுள்ள உரத்தை எடைபோட்டால், நீங்கள் இடுகிற அளவு துல்லியமாகக் கிடைத்துவிடும்.

களைத்தடுப்பு மருந்துக்கு இந்த உழைப்பு மிகவும் முக்கியம். வசந்தத்தில் 4 அங்குல ஆழத்தில் மண்ணின் வெப்பம் 55 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டும்போது அதைப் போடுகிறோம். இரண்டு நடைக்கு இடையே ஒரு பட்டை விட்டுப்போனால் கோடையில் அந்தப் பட்டை முழுவதும் கிராப்கிராஸ் என்ற களை வரிசைகட்டி நிற்கும். பாதி அளவில் திறப்பை வைத்து, ஒரு முறை நீளவாக்கிலும் மறுமுறை குறுக்குவாக்கிலும் நடப்பது பாதுகாப்பு.

---

வடகரோலினாவாசி எழுதியது:

தோட்டக்காரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பல வண்டிகளில் இரு சக்கரங்களில் ஒன்றுதான் அச்சை ஓட்டும். மற்றது சும்மா உருளும். ஓட்டுச்சக்கரத்தை மையமாக வைத்துத் திரும்பினால் சுழல்தட்டு நின்றுவிடும், திறப்போ திறந்தே இருக்கும்; உரம் ஒரே இடத்தில் கொட்டும். எனவே முதலில் ஓரங்களில் சுற்றிலும் ஒரு பட்டை போட்டுக்கொண்டு, பிறகு உள்ளே நேர்நடை நடந்து, அந்தப் பட்டையைத் தொட்டதும் திறப்பை மூடிவிட்டுத் திரும்புங்கள். நடக்கத் தொடங்கிய பின்பே திறக்க வேண்டும், நிற்பதற்கு முன்பே மூட வேண்டும்.

---

மண்வாசனை எழுதியது:

பழைய லெஸ்கோவைப் பார்த்துவிட்டு வந்தேன். சட்டம் புதிது போலிருந்தது. சுழல்தட்டும் நன்றாகவே ஓடியது. ஆனால் கைப்பேசி விளக்கில் திறப்பின் ஓரமாக வெளிச்சம் கசிந்தது. உப்பைப் பற்றிக் கேட்டதும் அவர் நேர்மையாகவே, இரண்டு குளிர்காலம் தூவியதாகச் சொல்லிவிட்டார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மூன்று திறப்புள்ள 50 பவுண்டு எர்த்வே வண்டியும் அதற்கான பக்கத்தடுப்பும் ஆர்டர் செய்திருக்கிறேன். மண் மாதிரியை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சுண்ணாம்பு நிறையத் தேவை என்று அறிக்கை வந்தால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமென்று இருக்கிறேன். கழுவிய பிறகு பல்சக்கரத்துக்கு என்ன போடலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

---

பல்சக்கரம் எழுதியது:

மூடிய பெட்டியைத் திறக்காதீர்கள்; அதற்கு எதுவும் போட வேண்டாம். அச்சு, புஷ், திறப்பின் தகடு ஆகியவற்றுக்கு, ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகு உலர்ந்த சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் போதும். எண்ணெயும் கிரீஸும் தூளைப் பிடித்துவைக்கும். வண்டியைப் புல்தரையின் மேல் நிறுத்தியே கழுவுங்கள், கழுவிய நீர் தெருச்சாக்கடைக்குப் போகக்கூடாது. கழுவும்போது திறப்பை முழுதும் திறந்து வைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நீரடித்தால் தட்டின் அடியில் ஒளிந்திருப்பதும் வந்துவிடும். வண்டி வந்து சேரும்போதே பூட்டுப் பின் இரண்டைக் கூடுதலாக வாங்கி, கைப்பிடியில் ஒட்டுநாடாவால் சுற்றி வையுங்கள்; தேவைப்படும் நாள் ஞாயிற்றுக்கிழமை மாலையாகத்தான் இருக்கும்.